கடற்கரையிலிருந்து மலைக்கு: ராமநாதபுரத்துக்காரர்கள் சொந்த வண்டியில் கொடைக்கானல் போய் வர ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் பக்கத்தில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு ஏற்றம் என்றால் பாம்பன் பாலம், இல்லையென்றால் ஏதாவது ஒரு ரயில்வே மேம்பாலம். அதனால்தான் பல வருடம் கார் ஓட்டியவர்கூட கொடைக்கானல் என்றதும் "பேசாம ஒரு டிரைவரைப் போட்டுக்குவோமா?" என்று கேட்கிறார். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. நானும் அதே பயத்தோடுதான் முதலில் கிளம்பினேன். யாரிடம் கேட்டாலும் "பார்த்து ஓட்டுங்க" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எந்த கியரில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்பதையெல்லாம் மெக்கானிக்குகளிடமும் மலையில் ஓட்டும் டிரைவர்களிடமும் துருவித் துருவிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஏறுவதை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். ஏறும்போது வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆபத்தெல்லாம் இறங்கும்போதுதான். அதனால் கீழே இறக்கம் பற்றிய பகுதி நீளமாக இருக்கும். அதை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

1. எந்த மலை முதலில்?

நேராகக் கொல்லிமலைக்குப் போய் நிற்காதீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36, அதுவும் செங்குத்து. இவை எல்லாம் கை பழகிய பிறகு.

நமக்குப் பக்கத்தில் பழகுவதற்கு ஏற்ற மலை திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு, மதியத்துக்குள் இறங்கிவிடலாம். குடும்பத்தோடு போகும் முன் ஓட்டத் தெரிந்த ஒருவரை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து இங்கே ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். அன்று செலவாகும் பெட்ரோல் வீண் இல்லை.

அடுத்து கொடைக்கானல், அதுவும் வத்தலக்குண்டு வழி மட்டும். இந்தப் பாதை அகலமானது, ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும், பஸ் நாள் முழுக்க ஓடுகிற ரோடு என்பதால் ஏதாவது ஆனாலும் உதவிக்கு ஆள் கிடைக்கும். பழனி வழி இதைவிடக் குறுகல். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் ரோடு இன்னும் குறுகல். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: போனில் வழி காட்டும் மேப், தூரம் குறைவு என்று சில நேரம் அடுக்கம் ரோட்டைக் காட்டும். ஊர் பெயர்களைப் பார்த்து, வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வருகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்புங்கள்.

2. எப்போது போவது?

ஏப்ரல், மே வேண்டாம். சனி, ஞாயிறு வேண்டாம். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, பெருநாள் விடுமுறை எதுவும் வேண்டாம். கூட்டத்தில் ஏற்றத்தில் அடிக்கு ஒருமுறை நின்று நின்று நகர்வதுதான் புதியவருக்கு இருப்பதிலேயே கடினமான வேலை. கிளட்ச் கருகுவதும் அப்போதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம். நமக்கு மழை கிடைக்கிற அதே வடகிழக்குப் பருவத்தில்தான் பழனி மலைத் தொடரிலும் கொட்டும். மண் சரிவதும் மரம் சாய்ந்து பாதை அடைபடுவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். ஊரில் கண்மாய் நிரம்பிய சந்தோஷத்தில் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, அல்லது ஆகஸ்ட், செப்டம்பரில், செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் ஏறுங்கள். ஜனவரியில் ராத்திரிக் குளிர் நமக்குப் பழக்கமே இல்லாத குளிர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

3. காகிதங்கள்

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன் சான்று. இந்த நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். ஆனால் மலையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அதனால் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிரிண்டும் டேஷ்போர்டில் இருக்கட்டும். நம்மில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது பொல்யூஷன் சான்று. பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஒரு வருடம்தான் செல்லும்.

இன்சூரன்ஸை எடுத்துப் படியுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் வண்டி பாறையில் உரசினால் உங்களுக்கு ஒரு பைசா வராது. வழியில் நின்றால் வந்து இழுத்துப் போகும் சேவை உங்கள் பாலிசியில் இருக்கிறதா, அதற்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது இ-பாஸ். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் கியூ.ஆர். குறியோடு பாஸ் வந்துவிடும். கட்டணம் கிடையாது. "எடுத்துத் தருகிறேன், ஐந்நூறு கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பாஸ் வண்டி நம்பருக்குத்தான். கடைசி நேரத்தில் மச்சான் காரை எடுத்துக்கொண்டு போவதாக முடிவானால் அந்த நம்பருக்குப் புதிதாக எடுக்க வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஆகவே சீசனில் போவதாக இருந்தால் அறை போடும் முன்பே பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறைப்படி சுயமாக ஓட்ட வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளைப் பலகை, அதாவது ஓன் போர்டு வண்டியைத் தெரிந்தவர் என்று வாடகைக்கு வாங்கிப் போய் ஏதாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

4. வண்டி: உப்புக் காற்றின் வேலை

மலைக்குப் போகும் வண்டியைப் பற்றி எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் இல்லை. நம் வண்டி ராத்திரியெல்லாம் உப்புக் காற்றில் நிற்கிறது. கீழக்கரையிலோ மண்டபத்திலோ ரெண்டு நாள் ஓட்டாமல் நிறுத்திய காரின் சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள், பிரேக் டிஸ்க் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும். அந்தத் துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை உள்ளே இருக்கிறது.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிபர் என்ற இரும்புப் பிடி, இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். நான் பார்த்த வண்டியில் மெக்கானிக் தம்பி அந்தப் பின்னை விரலால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "அண்ணே, உப்புக் காத்துல பின்னு இறுகிப் போச்சு. ஒரு பக்க பேடு தேஞ்சே போச்சு, இன்னொரு பக்கம் புதுசா இருக்கு பாருங்க" என்று இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று பிஸ்கட் கனம், மற்றது அதில் பாதிகூட இல்லை. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பேடு சூடேறிப் பிடிக்காமல் போகும். பின்களை எடுத்துத் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். பெரிய செலவே இல்லாத வேலை.

அப்புறம் பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? தண்ணீர் சேர்ந்த பிரேக் ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவு வரவில்லையா? அப்படியென்றால் மாற்றிவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிளும் உப்பில் இறுகும். சமதரையில் இருக்கும் நாம் அதை இழுப்பதே அபூர்வம், கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். மலையில் ஏற்றத்தில் நின்று கிளம்ப அதுதான் துணை. இழுத்தால் ஏற்றத்தில் வண்டி அசையாமல் நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெயிலில் நின்று நின்று பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்று, டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு. மலைக்கென்று குறைக்க வேண்டாம். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள்.

கூலண்ட், வைப்பர், முன் விளக்கு, ஹாரன் இவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இந்த வேலை எல்லாவற்றையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள். முதல் நாள் சாயங்காலம் பட்டறையில் விட்டு, மறுநாள் விடியற்காலை மலைக்குக் கிளம்புவது கூடவே கூடாது. பிரேக்கில் கை வைத்த வண்டியை உள்ளூரில் நாலு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

5. சமதரையிலேயே பழக வேண்டியவை

மலை இல்லாத ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். கண்மாய்க் கரை இருக்கிறது. கரைமேல் ஏறும் வண்டித்தடம் பல இடங்களில் மலை ரோட்டைவிடச் செங்குத்து. தண்ணீர் இல்லாத காலமாகப் பார்த்து, ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், சத்தம் கனக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளாமல் கிளம்பும். கை பழகும் வரை செய்யுங்கள். மலையில் பின்னால் பஸ் நிற்கும்போது இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொரு பயிற்சி கிழக்குக் கடற்கரைச் சாலையில். வண்டி குறைவான நீளமான இடத்தில் ஐம்பதில் போய், பிரேக்கைத் தொடாமல் மூன்றுக்கு, பிறகு இன்னும் வேகம் குறைந்ததும் இரண்டுக்கு மாற்றுங்கள். என்ஜின் உறுமி வண்டியைப் பிடித்து இழுக்கும். புதியவர்கள் அந்த உறுமலைக் கேட்டு என்ஜின் கெட்டுவிடும் என்று பயந்து கிளட்சை அமுக்கிவிடுகிறார்கள். கெடாது. மலையிறக்கத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தச் சத்தம்தான், காதுக்குப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் லீவரில் எல், 2, எஸ், எம் என்று என்ன இருக்கிறது, அதில் எது குறைந்த கியரில் நிறுத்தி வைக்கும் என்று கையேட்டில் பார்த்துப் பழகுங்கள். 'டி'யிலேயே போட்டு மலை இறங்கக் கூடாது.

6. கிளம்பும் நாள்

ராமநாதபுரத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 230 கிலோமீட்டர். ராமேசுவரத்திலிருந்து என்றால் இன்னும் ஐம்பத்தைந்து சேரும். விடியற்காலை நாலு மணிக்கு ராமநாதபுரத்தை விட்டால் ஆறேகாலுக்குள் மதுரை. ஊருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையைப் பிடித்து, கொடைரோடு, நிலக்கோட்டை வழியாக ஏழரைக்கு வத்தலக்குண்டு. மதுரை போகும் வழியில், பரமக்குடிக்கு முன் போகலூரிலும் அதைத் தாண்டித் திருப்பாச்சேத்தியிலும் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட நேரும்.

வத்தலக்குண்டில் டேங்கை நிரப்புங்கள். டிபன் சாப்பிடுங்கள், ஆனால் பூரி கிழங்கு வேண்டாம், இட்லி போதும். பின் சீட்டில் இருப்பவர்கள் வாந்தி எடுப்பதில் பாதி, வயிறு முட்டச் சாப்பிட்டதால்தான். வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். ஓட்டுபவர் மட்டும் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது, தூக்கம் தள்ளும். ஓட்டுபவருக்குப் பொதுவாக வாந்தி வராது, கண் ரோட்டில் இருப்பதால்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை, வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள்.

7. ஏற்றம்

காட்ரோட்டில் மலை தொடங்கும். எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் பத்து, பத்தரைக்கு மேலே. ஐம்பது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். இருபத்தைந்து, முப்பதில் போனால் போதும்.

என்ஜின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு இழுவை குறையும். அது வண்டியின் கோளாறு இல்லை. ஆட்கள் நிறைய, என்ஜின் சின்னது என்றால் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள், மலைக்காற்றை விடவா ஏசி? நின்று நகரும் நெரிசலில் கிளட்சைப் பாதி அமுக்கியபடி வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள், முன்னால் இடம் கிடைத்த பிறகு கிளம்புங்கள். கருகல் வாசனை வந்தால் அது கிளட்ச்தான், ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆற விடுங்கள்.

பின்னால் வேகமாக வருபவர் ஹாரன் அடித்தால் பதற வேண்டாம். அகலமான இடம் வரும் வரை உங்கள் வேகத்திலேயே போய், இடம் வந்ததும் இடது பக்கம் ஒதுங்கி, போகச் சொல்லிக் கை காட்டுங்கள். மலையில் இது மானக்கேடு இல்லை, வழக்கம்.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டு வராதீர்கள். வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது பின்னால் வருபவருக்கும் ஆபத்து. டம்டம் பாறையில் நிறுத்துவதற்கு இடம் இருக்கிறது. அங்கிருந்து தலையாறு அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கே நிறுத்துங்கள், என்ஜினும் ஆறும். குரங்குக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

8. கொண்டை ஊசி வளைவு

வளைவுக்கு முன்பே, ரோடு நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ரொம்பச் செங்குத்து என்றால் முதல் கியர். வளைவுக்குள் போன பிறகு கிளட்சைத் தொடாதீர்கள், தொட்டால் வண்டி பிடி இல்லாமல் ஓடும். ஹாரன் ஒரு முறை அழுத்தமாக அடித்து, பதில் ஹாரன் வருகிறதா என்று கேளுங்கள். அதற்காகவாவது பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

கண்ணை முன் டயருக்குப் பக்கத்தில் வைக்காமல், வளைவு எங்கே போய் முடிகிறதோ அங்கே வையுங்கள். கை தானாக அதற்கேற்பத் திருப்பும். உங்கள் இடது பாதியிலேயே இருங்கள். வலது பக்கம் காலியாக இருக்கிறதே என்று அறுத்துத் திருப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

பஸ் வருகிறதா? வளைவைத் திரும்ப அதற்கு முழு ரோடும் வேண்டும். வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்பாகவே நின்று, அதை முழுதாகத் திரும்ப விட்டு, பிறகு போங்கள். வளைவின் வாயில் போய் மூக்கை நுழைத்தால் அவரும் நகர முடியாது, நீங்களும் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாகிவிடும். இரண்டு வண்டி போக அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, இறங்குபவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறைகளில் இது இருக்கிறது.

9. மேலே இருக்கும்போது

அறை போடும்போதே "கார் அறை வாசல் வரை வருமா, அந்த ரோடு எவ்வளவு சரிவு?" என்று கேளுங்கள். மலைப்பாதையை அருமையாக ஏறி வந்தவர்கள், விடுதிக்கு இறங்கும் மண் சரிவில் மாட்டிக்கொள்வதுண்டு. சரிவில் நிறுத்தும்போது மூக்கு மேல் பார்த்திருந்தால் முதல் கியர், கீழ் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர், கூடவே ஹேண்ட் பிரேக், டயருக்கு அடியில் ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கலாம். லோ பீமில் போங்கள், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நம் ஊரில் கண்ணாடிக்கு வெளியே ஈரம் படியும், அங்கே உள்ளே படியும், ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விட்டால் தெளிந்துவிடும். இருட்டிய பிறகு வண்டியை எடுக்க வேண்டாம். ஊருக்குள்ளேயே காட்டு மாடு ரோட்டில் நிற்கும். நின்றால் ஹாரன் அடிக்காமல், தள்ளி நிறுத்திக் காத்திருங்கள்.

10. இறக்கம்

காலை ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மூடுபனிக்கு முன் கீழே வந்துவிடலாம், வெளிச்சத்திலேயே வீடும் சேரலாம். கிளம்பும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும்.

மலை டிரைவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. கொடைக்கானல் பாதையில் அது பெரும்பாலும் இரண்டு, சில நேரான இடங்களில் மூன்று. ஆக்சிலேட்டரில் கால் வேண்டாம். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும். அப்படியும் வேகம் கூடுகிறது என்றால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்துவிடுங்கள். மறுபடி கூடினால் மறுபடி அதேபோல. அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் ஒரு கியர் குறையுங்கள். பயத்தில் பெடல்மேல் காலை லேசாக வைத்தபடியே ஐம்பது கிலோமீட்டரும் வருவதுதான் பிரேக்கைக் கொல்வது. பேடு டிஸ்கை உரசிக்கொண்டே இருந்தால் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்குபவர்கள் நம் ஊரில் உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் செய்யாதீர்கள். நியூட்ரலில் என்ஜின் பிடிப்பு முழுக்கப் போய் எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். என்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இன்றைய வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் என்ஜினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். மிச்சம் பிடிப்பதும் அதில்தான்.

பாதி வழியில், பெருமாள்மலை தாண்டி ஊத்துப் பக்கம் ஒருமுறை, டம்டம் பாறையில் ஒருமுறை நிறுத்துங்கள். இறங்கிச் சக்கரத்தின் அருகில் மூக்கை வைத்துப் பாருங்கள், கையை வைக்க வேண்டாம், சுடும். கருகிய ரப்பர் மாதிரி நெடி அடித்தால் பிரேக் சூடாகிவிட்டது. கியரில் போட்டு, கல் வைத்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம்.

ஓடும்போதே பெடல் பஞ்சாகிவிட்டால் என்ன செய்வது? கிளட்சில் கால் வைத்து மிதந்து போகாதீர்கள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரை இறக்குங்கள், பெடலை விட்டு விட்டுப் பல முறை மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரனும் விளக்கும் போட்டபடி பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுக்குங்கள். வடிகாலில் சக்கரம் இறங்கினாலும், பாறையில் உரசினாலும் பரவாயில்லை. வண்டியைச் சரி செய்துகொள்ளலாம்.

11. செலவு

போக வர 460, மேலே சுற்ற ஐம்பது அறுபது என்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் வண்டிக்கு 35 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 3,500. ஏற்றத்தில் மைலேஜ் பாதியாகக் குறைந்தால் பயப்பட வேண்டாம், இறக்கத்தில் ஓரளவு ஈடாகும். இதோடு சுங்கம், வெள்ளி நீர்வீழ்ச்சி அருகில் நகராட்சி நுழைவுக் கட்டணம், பார்க்கிங். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் வேலைக்கான செலவை இந்தப் பயணத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள், உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது.

12. மனசு ஒப்பவில்லை என்றால்

கண்மாய்க் கரையிலும் சிறுமலையிலும் பழகிய பிறகும் கை நடுங்குகிறதா? வத்தலக்குண்டு வரை நீங்கள் ஓட்டுங்கள், அங்கிருந்து மலைக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஆள் பேசி, ஒரு நாளைக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு, ராத்திரி அவர் எங்கே தங்குவார் என்று எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடுங்கள். மலையில் ஓட்டிய அனுபவம் உண்டா என்று நேராகக் கேளுங்கள், மதுரை டவுனில் மட்டும் ஓட்டியவர் உங்களுக்கு உதவ மாட்டார்.

அதுவும் வேண்டாம் என்றால் காரை மதுரையில் விட்டுவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு பஸ் ஏறுங்கள். அதற்கு இ-பாஸ் தேவையில்லை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தால், அவர் எந்த இடத்தில் கியர் குறைக்கிறார், வளைவுக்கு எவ்வளவு முன்னால் ஹாரன் அடிக்கிறார், இறங்கும்போது எத்தனை முறைதான் பிரேக்கைத் தொடுகிறார் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த முறை உங்கள் வண்டியில் போகும்போது அது கை கொடுக்கும்.